மாமா தந்த காரின் புகை என்ன நிறம்

மேல் டிவிசன்,
ஓப்பநாயக்க.
ஞாயிற்றுக்கிழமை, மார்ச் 9.

அன்பும் மரியாதையும் உள்ள ரொபர்ட் மாமாவுக்கு,

மருமகள் ரோஷானி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கு நாங்கள் மூவரும் சுகம். வத்தளையில் நீங்களும் மாமியும் சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் மாதாவிடம் சொல்லி வருகிறார். போன வருடம் நீங்கள் அப்பாவுக்குத் தந்த காரும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டு மூவரும் ஒன்றாகப் பேசுவோம், அவர்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது என்பது உங்களுக்குத் தெரியும். தவிர, இதை எழுதச் சொன்னவர்கள் இரண்டு பேர். உங்களை இங்கே யாரும் குறை சொல்லவில்லை என்று எழுதச் சொன்னவர் அம்மா. காரை நீங்கள் ஓட்டிய நாளில் என்ன ஒயில் ஊற்றினீர்கள் என்று சும்மா விசாரிக்கிற மாதிரிக் கேட்கச் சொன்னவர் அப்பா. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுத முடியும் என்று அவர்கள் நம்புவது நான் பட்டதாரி என்பதால்.

விஷயம் இதுதான். தோட்டத்து லொறி வேலையை விட்ட பிறகு, மேல் டிவிசன் பிள்ளைகள் ஆறு பேரைப் பெல்மதுளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குவதுதான் அப்பாவின் தொழில் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் பஸ் இங்கே வரும்போது அங்கே இரண்டாம் பாடம் தொடங்கியிருக்கும். ஆகவே இந்தக் கார் நின்றால் அந்த ஆறு பேரும் வீட்டில்தான். காரின் லைசன் இம்மாதம் இருபதாம் திகதி முடிகிறது, அதைப் புதுப்பிக்கப் புகைச் சோதனைச் சான்றிதழ் வேண்டும். போன மாதக் கடைசியில் அப்பா கொண்டுபோனார், நானும் கூடப் போனேன். சைலன்சருக்குள் ஒரு குழாயை நுழைத்து, எக்ஸிலேட்டரை மூன்று முறை மிதித்தார்கள். இயந்திரம் ஒரு துண்டுக் காகிதத்தைத் தந்தது, அதில் சித்தியடையவில்லை என்று இருந்தது. புகை எவ்வளவு தடிப்பு என்பதோடு அந்த இயந்திரம் நிறுத்திக்கொண்டது, நிறத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நிறத்தைக் கேட்டவர் வரிசையில் நின்ற யாரோ ஒரு வேன்காரர். “கருப்புன்னா டீசல் கூடுதலா எரியுது, நீலம்னா எஞ்சின் ஒயில எரிக்குது, வெள்ளைன்னா டீசல்ல தண்ணி” என்று அப்பாவுக்குச் சொல்லிவிட்டு அவர் தன் வேனில் ஏறிப் போய்விட்டார். அந்த மூன்று நிறங்களோடுதான் நாங்கள் இன்றுவரை குடித்தனம் நடத்துகிறோம்.

அன்று பின்னேரமே அப்பா எங்கள் லயத்து வீட்டுக்கு முன்னால் காரை ஸ்டார்ட் செய்துவிட்டு, பின்னால் போய்க் குனிந்து பார்த்து, “லேசா நீலம் அடிக்குது போலயே” என்றார். அம்மா பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“நீலம்னா?”

“எஞ்சின் தேஞ்சிருந்தா அப்புடி வருமாம்.”

“அப்ப எந்தம்பி தேஞ்ச வண்டியத்தான் ஒங்க தலையில கட்டிட்டான்னு சொல்றீங்க.”

“நா எங்க சொன்னேன். புகை சொல்லுது.”

“புகைக்கு வாய் வேற மொளச்சிருச்சா.”

அதற்குப் பிறகு மூன்று நாள், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவோடு அம்மா என் வழியாகத்தான் பேசினார். தேத்தண்ணியும் என் வழியாகவே போனது. நான்காம் நாள் காலை அப்பா மறுபடி குனிந்து பார்த்து, புகை வெள்ளை என்று கண்டுபிடித்தார். அதற்கு இங்கத்தைய மூடுபனியும் உதவியது. காலை ஆறு மணிக்குப் புகை குழாயை விட்டு ஒரு சாண் வருவதற்குள் பனியோடு கலந்துவிடுகிறது, எது எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று அப்பாவுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தார் அம்மா.

ஆனால் வெள்ளை என்றால் டீசலில் தண்ணீர். அந்த டீசலைக் கேனில் கொண்டுவந்து தருகிறவர் சந்திக் கடை றிஸாத். டவுனுக்குச் சாமான் எடுக்கப் போகும்போதெல்லாம் அப்பாவுக்காக டீசலும் வாங்கி வருவார். செய்தி பகலுக்குள் கீழே போய்விட்டது. றிஸாத் கடையைப் பூட்டிவிட்டு ஏறி வந்தார்.

“பவுல் அண்ணே, எத்தன வருசமா ஒங்களுக்குச் சாமான் கொண்டாறேன். என் டீசல்ல தண்ணியா?”

“ஒன்னய யாரு சொன்னா றிஸாத்? பொதுவா சொன்னேன்.”

“பொதுவா என்கிட்டத்தான வாங்குறீங்க. புகை கருப்புண்ணே, கடையிலேருந்தே தெரியுது. ரெண்டாவது கியர் போட வேண்டிய ஏத்தத்துல மூணாவதுல வச்சு மிதிக்கிறீங்க. கார் மூச்சு முட்டி அழுவுது.”

இருபத்திரண்டு வருடம் தோட்டத்து லொறியை ஒரு மதகிலும் இடிக்காமல் ஓட்டியவர் அப்பா. எழுந்து நின்று வேட்டியைச் சரி செய்துகொண்டு உள்ளே போய்விட்டார். இப்போது டீசலைத் தானே வாங்கப் போகிறார். கேனை பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று கண்டக்டர் சொல்லிவிட்டதால், டீசல் வாங்கக் காரிலேயே போய், அதில் ஒரு பகுதியை வரும் வழியில் எரித்துவிட்டு வருகிறார்.

இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. ஆளுக்கொரு நிறம் தெரிவது கண்ணில் உள்ள குறையினால் அல்ல. நீலம் என்றால் நீங்கள், வெள்ளை என்றால் றிஸாத், கருப்பு என்றால் அப்பா. யாரும் புகையைப் பார்ப்பதில்லை, அதற்குப் பின்னால் நிற்கும் ஆளைத்தான் பார்க்கிறார்கள்.

கடைசியில் பெல்மதுளையிலிருந்து விமலசேன பாஸை அழைத்து வந்தார்கள். அவர் நல்ல மெக்கானிக், அதிகம் பேசமாட்டார். ஒரு வெள்ளைக் காகிதம் கேட்டார். எங்கள் வீட்டில் வெள்ளைக் காகிதம் என்றால் வேலை விண்ணப்பங்களுக்காக நான் எடுத்து வைத்திருக்கும் பட்டச் சான்றிதழின் போட்டோ கொப்பிகள்தான். அப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்து, “பட்டத்துக்கு இன்னைக்குத்தான் ஒரு வேல கெடச்சிருக்கு” என்றார். அம்மா சிரித்தார், பல நாளுக்குப் பிறகு. நானும் சிரித்துவைத்தேன். பாஸ் அதன் வெற்றுப் பக்கத்தைச் சைலன்சருக்கு நேரே பிடித்தார். படிந்ததை விரலால் தடவிப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், வேலியோரம் வந்து நின்ற றிஸாத்தையும் பார்த்தார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“பாஸ் ஏன் சொல்லணும், படிச்ச புள்ள இருக்கே, அது சொல்லட்டும்” என்றது, கார் ஓடுமா என்று அறிய வந்திருந்த பாடசாலைப் பிள்ளைகளின் தாய்மார் பக்கமிருந்து ஒரு குரல். நான் படித்தது புவியியல். நான்கு வருடத்தில் நாங்கள் படித்த ஒரே புகை எரிமலைப் புகை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “நங்கி, பாட மொகக்த?” என்று பாஸ் கேட்டார். என்ன நிறம் தங்கச்சி என்று. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். “அளு பாட” என்றேன். சாம்பல் நிறம். வேன்காரர் சொன்ன மூன்றில் சாம்பல் இல்லை, ஆகவே அது யாருடையதும் இல்லை. அப்பா தலையாட்டினார், அம்மா தலையாட்டினார், றிஸாத் கூட ஆட்டினார். பாஸ் மட்டும் ஆட்டவில்லை.

ஆகவே மாமா, உங்களை இங்கே யாரும் குறை சொல்லவில்லை. நீங்கள் என்ன ஒயில் ஊற்றினீர்கள் என்று நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். மாமியை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அம்மா உங்களுக்குக் கித்துள் பாணி ஒரு போத்தல் எடுத்து வைத்திருக்கிறார். மாதா உங்கள் வீட்டு வாசலை விட்டு நீங்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்,
ரோஷானி பவுல்

பி.கு.: மேலே உள்ளதில் அவரவருக்கு வேண்டியதை மட்டும் நேற்று இருவருக்கும் வாசித்துக் காட்டிவிட்டேன், இருவருக்கும் திருப்தி. இது திங்கட்கிழமை தபாலகத்தில் நின்று எழுதுவது. மாமா, புகை நீலம். எனக்கு முதல் நாளே தெரியும். பனி கலைந்த பிறகு, பத்து மணி வெயிலில் பார்த்தால் யாருக்கும் தெரியும், அதனால்தான் பத்து மணிக்கு எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடுகிறது. எஞ்சினில் ஒயில் அளக்கும் கோலை நான் தினமும் இழுத்துப் பார்க்கிறேன். கீழே ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை, ஆனால் பத்து நாளில் ஒயில் மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு வந்துவிட்டது. பாஸ் போகும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: எஞ்சின் ரிங் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும், நாலு நாள் வேலை, முன்பு யாரோ தடித்த ஒயில் ஊற்றிப் புகையை அடக்கி வைத்திருக்கிறார்கள். யாரோ என்றுதான் அவர் சொன்னார், நானும் அப்படியே எழுதுகிறேன். வியாழக்கிழமைக்குள் நீங்கள் வாருங்கள். காரைச் சுற்றிப் பார்த்து, எயார் பில்டர் அடைத்திருக்கிறது என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லி, வத்தளைக்குக் கொண்டுபோய் ரிங் மாற்றி, இருபதாம் திகதிக்கு முன் கொண்டுவந்து தாருங்கள். பில்டர் அடைத்தால் அது ரோட்டுத் தூசியின் குற்றம், தூசிக்கு எங்கள் டிவிசனில் சொந்தக்காரர் இல்லை. நீங்கள் வராவிட்டால், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மாவைக் கூட்டிப்போய்க் காருக்குப் பின்னால் நிறுத்துவேன். நான் வாயே திறக்க வேண்டியதில்லை.