துக்க வீட்டு மாத்திரை

மூன்று மாதமாக வீட்டில் மருந்துக்கடை பில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்பது ஜெபதாஸுக்கு உறைத்தபோது, அன்றைய இதய மாத்திரை அவர் நாக்கின் மேல் இருந்தது. விழுங்கப் பயம். துப்பவும் மனம் வரவில்லை. துப்புகிற விலையா அது?

அவர் அரசுப் பேருந்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தாயின் இடுப்பில் தூங்கும் குழந்தையைக்கூட, டிக்கெட் எடுக்கிற வயதாகியிருக்குமோ என்று உற்றுப் பார்த்தே பழகியவர். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். சந்தேகத்துக்கு யார் ஓய்வு கொடுப்பது?

"ஏட்டி நேசபாய்! இந்த மாத்திரை எங்கேந்து வருது?"

"அட்டையிலேந்து," என்றாள் மனைவி அடுக்களையிலிருந்து.

"பில் எங்க?"

"பில்லையா தின்னப் போறிய? மாத்திரைய முழுங்குங்க."

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த டாக்டர், ஒரு நாள்கூட விடக் கூடாது என்று எழுதிக் கொடுத்த மாத்திரை. பென்ஷனில் பாதியை அதுவே தின்றுவிடும். அதே மருந்து வேறு கம்பெனியில் விலை குறைவாகக் கிடைக்கும் என்று டாக்டரே சொல்லிப் பார்த்தார். "மலிவா தாறான்னா உள்ள மைதா மாவாக்கும்," என்று ஜெபதாஸ் மறுத்துவிட்டார். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தருகிறார்களே என்றாள் நேசபாய். அது அதைவிடப் பெரிய மோசடி என்றார். விளைவாக அந்த வீட்டில் விலை கூடிய நெய்மீன் நின்று, மலிவான சாளை வந்தது.

இப்போது மூன்று மாதமாக மறுபடியும் நெய்மீன் மணக்கிறது. யோசிக்க யோசிக்க அவருக்கு வியர்த்தது.

நேரே தக்கலையில் வழக்கமாக மருந்து வாங்கும் கடைக்குப் போனார். கடைக்காரர் அவரைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"சாரா! உங்களப் பாத்ததுல ரொம்ப சந்தோசம் சார்."

"என்னத்துக்கு இவ்வளவு சந்தோசம்?"

"இல்ல... அக்கா மூணு மாசமா மாத்திரை வாங்க வரல்ல. அதான் நாங்க வேற மாதிரி நெனச்சிட்டோம்."

அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மழை தூறினால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கே போக யோசிக்கிற நேசபாய், கொஞ்ச நாளாக எந்த ஊர் துக்க வீட்டு ஜெபத்தையும் விடுவதில்லை. வெள்ளைச் சேலை, பெரிய பை, குடை. ஜெபத்துக்கு எதற்கு அவ்வளவு பெரிய பை?

அடுத்த முறை அவள் கிளம்பியதும் பின்னாலேயே போய்க் குழித்துறை பஸ்ஸில் ஏறினார். கடைசி சீட்டில் உட்கார்ந்து செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார். கண்டக்டர் வந்ததும் கையை நீட்டினார்.

"வேண்டாம் சார். முன்னால இருக்க அக்கா உங்களுக்கு டிக்கெட் எடுத்துட்டாவ."

இறங்கியதும் நேசபாய் குடையை அவர் கையில் கொடுத்தாள். "வந்ததுதான் வந்திய. இத புடிச்சிட்டு வாங்க."

போன இடம் செல்லபாயின் வீடு. அவள் கணவர் குமாரதாஸ் வாத்தியார் போன வாரம் தவறிவிட்டார். டாக்டரைப் பார்க்கக் காத்துக் கிடந்தபோது பழக்கமான குடும்பம். ஜெபம் முடிந்தது, கட்டன் சாயா வந்தது. நேசபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, செல்லபாயின் காதோடு ஏதோ கேட்டாள். செல்லபாய் உள்ளே போய், பிரிக்காத மாத்திரை அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். அதே பெயர், அதே கம்பெனி. நேசபாய் ஒவ்வொன்றிலும் தேதியைப் பார்த்துப் பையில் போட்டாள்.

வாசலைத் தாண்டும் வரை ஜெபதாஸ் பொறுத்திருந்தார்.

"அப்போ மூணு மாசமா நான் தின்னது?"

"பூதப்பாண்டிக்காரருக்க மாத்திரை. அதுக்கு முன்ன தக்கலை டெய்லருக்கது. எல்லாரும் நம்ம டாக்டருகிட்ட காட்டுனவியதான். நீங்கதான மலிவு வேண்டாம்னிய? இது விலை கூடுன மாத்திரை. சும்மா கெடச்சுது."

"ஏட்டி, இதத் தின்னவன் அத்தன பேரும் செத்துட்டானேட்டி!"

"மெதுவா பேசுங்க. துக்க வீடு."

"நாலாமத்த ஆளா எனக்கு சீட்டு போட்டு வச்சிருக்கியா?"

அன்றே, "இனி எனக்க மாத்திரைய நானே எடுத்துத் தின்னுக்கிடுவேன்," என்று பையைக் கைப்பற்றிக்கொண்டார். அட்டைகளை மெத்தைக்கு அடியில் தள்ளிவிட்டு, பச்சைப் பூண்டைக் கடித்துத் தின்றார். பூண்டு நாற்றத்தில் நேசபாய் படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டாள். மனைவி தள்ளிப் படுக்கிறாளே, செத்தவர்கள் மாத்திரையில் தொற்று ஏதும் உண்டோ என்று அதிலும் அவருக்கு ஒரு சந்தேகம். நெஞ்சு இறுகியபோது பூண்டு போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தின்றார். மாடிப்படியில் பாதி ஏறியவர், சட்டை நனைய வியர்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். நேசபாய் அலறியடித்து ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு நாள் விடல்ல," என்றார் ஜெபதாஸ், கண்ணை மூடிக்கொண்டு.

"நான் சாட்சி டாக்டர். அவிய கையாலயே எடுத்துத் திங்கியாவ," என்றாள் நேசபாய், பாவம்.

டாக்டர் குழம்பிப்போய், அதைவிட விலை கூடிய இன்னொரு மாத்திரையையும் சேர்த்து எழுதினார். நேசபாய் அன்று இரண்டு முறை அழுதாள். ஒன்று கணவனுக்காக, மற்றது மருந்துச் சீட்டுக்காக.

வீட்டுக்கு வந்த மறுநாள் செல்லபாய் நலம் விசாரிக்க வந்தாள், வெள்ளைச் சேலையில், கையில் பையோடு. ஜெபதாஸ் அந்தப் பையையே பார்த்தார். கொடுத்ததைத் திரும்ப வாங்கிப் போக வந்திருக்கிறாளா? இல்லை, அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போகவா?

"அண்ணனக் கொஞ்சம் சாச்சு உக்கார வைப்போம் அக்கா," என்று அவள் தலையணையைத் தூக்கினாள். மெத்தை ஓரம் விலகியது. பிரிக்காத அட்டைகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

நேசபாய் நெஞ்சில் கை வைத்து நின்றுவிட்டாள். "தின்னேன் தின்னேன்னு சொன்னியளே, பாவி மனுசா! நான் எத்தன வீடு ஏறி எறங்குனேன்!"

"தின்ன மாட்டேன்!" என்று கத்தினார் ஜெபதாஸ். "இவளுக்க வீட்டுக்காரரு இதத் தின்னுதான செத்தாரு! கேட்டுப் பாரு!"

செல்லபாய் குனிந்து ஓர் அட்டையை எடுத்தாள். முந்தானையால் தூசியைத் துடைத்து அவர் கையில் வைத்தாள்.

"அவிய எங்க அண்ணா தின்னாவ? உங்கள மாதிரியே சந்தேகப்பட்டு மெத்தைக்கடியில ஒளிச்சு வச்சாவ. அவியளப் பெட்டியில தூக்கி வச்சப்பொறவுதான், அக்காவுக்குக் குடுக்க எனக்கு இத்தன அட்டை கெடச்சுது."