கடைசித் தமிழ் வக்கீல்

"புருஷன் பேரு என்னம்மா?"

"நல்லதம்பி. ஊர் சௌல்தாரி."

போர்ட் பிளேர் வக்கீல் பானுமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. புருஷனுக்குப் பாக்குத் தோட்டத்தை விற்று ஹேவ்லாக் தீவில் ஓட்டல் போட வேண்டுமாம், சம்மதிக்காவிட்டால் விவாகரத்தாம் என்று, இலவச சட்ட உதவிக்கு வந்த புஷ்பா தன் வீட்டு ரகசியம் அத்தனையும் கொட்டியாயிற்று. போன வாரம் இதே நாற்காலியில் உட்கார்ந்து அதே கதையைத் தலைகீழாகச் சொல்லிப்போனவன்தான் அந்த நல்லதம்பி!

பெயரை முதலிலேயே கேட்காமல் புத்தி எங்கே மேயப் போயிற்று? இரண்டு பக்கத்து ரகசியமும் கேட்ட வக்கீல் எந்தப் பக்கமும் வாதாடக் கூடாது. வெளியே தெரிந்தால் கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்ட வேண்டியதுதான்.

"இந்த கேஸை நான் எடுக்க முடியாதும்மா."

"ஏன்?"

ஏனென்று சொன்னால் நல்லதம்பி வந்த ரகசியம் போச்சு.

"வேற நல்ல வக்கீலாப் பார்த்துத் தரேன்."

"தமிழ் வக்கீலா இருக்கணும் மேடம். காய்கறி வாங்க ஹிந்தி போதும். அந்த மனுஷனைத் திட்டணும்னா தமிழ்தான் வருது. அவருக்கும் அப்படித்தான்."

பானுமதி உள்ளறைக்குப் போய் இன்னொரு தமிழ் வக்கீல் ரவிசங்கருக்குப் போன் போட்டாள். "சௌல்தாரியில ஒரு விவாகரத்து..."

"ஐயோ, நான் எடுக்க முடியாது. ஏன்னு கேக்காதீங்க!"

அடுத்துக் கூப்பிட்ட வக்கீல் சந்திரமோகனோ, சௌல்தாரி என்றதுமே இருமத் தொடங்கிவிட்டார். பானுமதிக்குத் தலை சுற்றியது. திரும்பி வந்து, "எனக்கு உடம்பு சரியில்லைம்மா" என்றாள்.

"என்ன மேடம் இது, போற இடமெல்லாம் வக்கீலுக்கு உடம்பு சரியில்லை!"

அப்போதுதானா நல்லதம்பி உள்ளே நுழைய வேண்டும்?

"மேடம், ஜெயராணி வரச் சொன்னா... ஏய், நீ இங்க என்ன பண்றே?"

"நீங்க என்ன பண்றீங்க?"

இருவரும் ஒரே நேரத்தில் பானுமதி பக்கம் திரும்பினார்கள்.

"ரெண்டு பக்கமும் கதை கேட்டீங்களா? கம்ப்ளெயின்ட் போடுறோம்!"

அவர்கள் ஒரே குரலில் பேசி எத்தனை காலமாயிற்றோ! பானுமதிக்கு அழுகையே வந்துவிட்டது. "உங்களை எங்கிட்ட அனுப்பினது யாரு?"

இருவரும் வாசலைக் காட்டினார்கள். நல்லதம்பியின் தங்கை ஜெயராணி, அண்ணியை ஸ்கூட்டியில் கூட்டிவந்தவள், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வடை தின்றுகொண்டிருந்தாள்.

"முதல் வக்கீல்கிட்ட அண்ணனைக் கூட்டிட்டுப் போனேன். மறுநாள் அண்ணியும் கதை சொன்னதும், ரெண்டு பேர் கேஸையும் தலைமுழுகிட்டார். அட, இது நல்லா இருக்கேன்னு போர்ட் பிளேர் தமிழ் வக்கீல் ஒருத்தரையும் விடலை. நீங்கதான் மேடம் கடைசி, இனிமே கடல் தாண்டி மெயின்லேண்ட்லதான் தேடணும், ரெண்டு பேருக்கும் கப்பல் ஒத்துக்காது."