ஏலம் போகாத சலூன் நாற்காலி

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் ஏலத் தளம் என் நாற்காலியை விற்கவிடாமல் செய்துவிட்டது. செய்தது நீங்கள் புதிதாகக் கொண்டுவந்த ப்ளாக்கும் சமூகப் பக்கமும்தான். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். இதைத் தபாலில் அனுப்பக் காரணம், உங்கள் தளத்தில் எழுதினால் இதற்கும் பத்துப் பேர் லைக் போடுவார்கள்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மூடிப்போன சலூன் ஒன்றிலிருந்து நான் கொண்டுவந்த நாற்காலி முன்னறையில் நிற்கிறது. மிதித்தால் மேலே ஏறாமல் கிடந்ததை, யாரிடமும் கேட்காமல், பிரித்துப் பிரித்துப் பார்த்தே சரிசெய்தேன். இப்போது யானை உட்கார்ந்தாலும் தூக்கும். ஆனால் உங்கள் மாமியார் முழங்கால் ஆபரேஷன் முடிந்து இந்த வாரம் வீட்டுக்கு வருகிறாள். அவளால் மாடி ஏற முடியாது. முன்னறையில்தான் கட்டில் போட வேண்டும். நாற்காலியும் கட்டிலும் சேர்ந்து நிற்க அங்கே இடமில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே சொல்லிவிட்டாள்: "நான் வர்றப்போ அந்த இரும்புப் பூதம் அங்க இருந்துச்சுன்னா, நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க அதுகூடவே குடும்பம் நடத்துங்க."

அதனால் ஏலத்தில் போட்டேன். பழைய நாளில் உங்கள் தளம் ஒழுங்காக இருந்தது. யார் கேட்கிறார் என்று யாருக்கும் தெரியாது. முகம் தெரியாத ஒருவன் விலையை ஏற்றினால் முகம் தெரியாத இன்னொருவனுக்கு ரோஷம் வரும். அதுதானே ஏலம்? இந்த முறை பொருளைப் போட்டதுமே, "உங்களைப் பற்றியும் உங்கள் பொருளைப் பற்றியும் நாலு வரி எழுதுங்களேன்" என்று கேட்டது. கேட்டதற்குப் பதில் சொல்வதுதானே மரியாதை? முழங்கால் கதை முழுவதையும் எழுதினேன்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் போனது. ஒரு பல் டாக்டர் கேட்டார். வெள்ளத்தில் கடையை இழந்து புதிதாக சலூன் திறக்கப்போகும் ஒரு பெண் அவருக்கு மேலே கேட்டாள். நாடகக் குழு நடத்தும் ஒருவர் இரண்டு பேருக்கும் மேலே போனார். நான் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அந்தப் பெண் தன் வெள்ளக் கதையைப் படத்தோடு ப்ளாக்கில் போட்டுவிட்டாள். அவ்வளவுதான். டாக்டர் படித்துவிட்டு உருகிவிட்டார். "அக்கா, நீங்களே எடுத்துக்கோங்க. என் பழைய நாற்காலி ரிப்பேர்தான், பரவாயில்ல, நின்னுக்கிட்டே பல்லப் பிடுங்குறேன்." அவள் விடுவாளா? "ஐயையோ தம்பி, வலியோட வர்றவங்க எங்க உக்காருவாங்க? என் கடைக்கு ஒரு ஸ்டூல் போதும்." நாடகக்காரர் நடுவில் புகுந்து, "ரெண்டு பேரும் அடிச்சுக்காதீங்க. எனக்கு ராஜா வேஷத்துக்குத்தான். ராஜா நிக்கட்டும், என்ன குறைஞ்சு போச்சு?" என்று எழுதினார். மூன்று பேரும் கேட்ட விலையை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். வாபஸ் வாங்க ஒரு பொத்தான் வேறு வைத்திருக்கிறீர்கள்!

பொறுக்க முடியாமல் நானே உள்ளே போய், "யாராவது ஒருத்தர் எடுத்துத் தொலைங்கய்யா!" என்று எழுதினேன். உடனே மூன்று பேரும், "அப்பா, கோவப்படாதீங்க. பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்கிறார்கள். நான் எப்போது இவர்களுக்கு அப்பாவானேன்? வருகிறவன் போகிறவனெல்லாம் சிவப்பு இதயம் போட்டான். இதயத்தை வைத்து நாற்காலியை நகர்த்த முடியுமா மாப்பிள்ளை? நேரம் முடிந்தது. வாங்க ஆள் இல்லை. உங்கள் தளம் எனக்கு அனுப்பிய செய்தி: "வாழ்த்துகள்! உங்கள் நாற்காலி இந்த வாரத்தின் அன்புக்குரிய பொருள்!"

உங்களுக்கு போன் போட்டால், "மாமா, ஜனங்க முன்னவிட அதிக நேரம் தளத்துல இருக்காங்க" என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். இருக்கிறார்கள், வாங்குகிறார்களா? ஏலம் என்பது மரியாதையான சண்டை. சண்டை போட வந்தவர்களை உட்காரவைத்து உறவுமுறை சொல்லிக் கொடுத்தால் சண்டை எப்படி நடக்கும்?

ஆகவே, நீங்கள் சமூகப் பக்கத்தை இழுத்து மூட வேண்டும். உங்கள் முதலாளி அந்த வாபஸ் பொத்தானைப் பிடுங்க வேண்டும். அந்த மூவரில் ஒருவர் வண்டியோடு வந்து நாற்காலியை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். என் மகள் இதில் யார் பக்கம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இப்போது நலம் விசாரிக்கிறேன். நன்றாக இருங்கள். உங்கள் கோபம் குறையட்டும், என் மகளின் சமையல் கூடட்டும். ஆசிகளுடன்,
உங்கள் மாமனார்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் உங்கள் மாமியார் வந்துவிட்டாள். அவள் பின்னாலேயே, ஏலப் பக்கத்தில் நான் போட்டிருந்த முகவரியைப் பார்த்து, அந்த மூவரும் வண்டியோடு வந்தார்கள். நாற்காலியை எடுக்க அல்ல, மாடியிலிருந்து கட்டிலை இறக்கித் தர! கட்டிலைப் பூட்டும்வரை உட்கார வேறு வழியில்லாமல் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நாடகக்காரர் விளையாட்டாக மிதித்தார். நாற்காலி மெல்ல மேலே ஏறியது. அவள் முழங்காலை மடக்காமல், யார் கையையும் பிடிக்காமல், தானாக எழுந்து நின்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. என்னைப் பார்த்து, "இது எங்கயும் போகாது. அந்த ஓட்டை மேசையத் தூக்கி வெளிய போடுங்க" என்றாள். அவள் சொன்னது முன்னறை மூலையில் நான் ரிப்பேர் வேலை பார்க்கும் பட்டறை மேசையை. இத்தனை நாளும் அறையை அடைத்துக்கொண்டிருந்தது அதுதானாம். அளந்து பார்த்தேன். இருக்கலாம்.

எனவே புதிய ஏற்பாடு. மேசையை நாடகக்காரர் பின்கட்டுக்கு நகர்த்துவார். டாக்டர் தன் பழைய நாற்காலியை அனுப்புவார், அதை நான் சரிசெய்து சலூன்காரப் பெண்ணுக்குக் கொடுப்பேன். டாக்டருக்குப் புது நாற்காலி தேட வேண்டியது நீங்கள். உங்கள் மாமியாருக்குத் தனிக் கணக்கு திறந்து தர வேண்டியதும் நீங்கள்தான், அவள் என் பெயரில் புகுந்து என்னைப் பற்றியே எழுதுகிறாள். சமூகப் பக்கத்தை மூடச் சொல்லி மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா, அந்தத் தாளை நீங்களே கிழித்துவிட வேண்டும். நான் கிழித்தால் தோற்ற மாதிரி ஆகிவிடும்.