கதையைத் தாண்டிய கட்டைவிரல்

இந்த முறையும் கட்டைவிரல் முந்திக்கொண்டது.

டிவியில் ஒரு கடற்கரை. தாடி வைத்த பெரியவர் ஒருவர் கரைக்கு வந்து, தொண்டையைச் செருமி, வாயைத் திறந்தார். அவ்வளவுதான். அவசரத்தின் கட்டைவிரல் யாரையும் கேட்காமல் போய், காட்சியைத் தாண்டிப்போகும் ஸ்கிப் பட்டனை அழுத்திவிட்டது. பெரியவர் திறந்த வாயோடு மறைந்துபோனார்.

"போச்சு," என்றார் அவசரம்.

அவசரம் என்பது அவருக்கு மனைவி வைத்த பெயர். நாவல் என்றால் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு மிச்சத்தை இரவல் கொடுத்துவிடுவார். தன் கல்யாண வீடியோவையே ஓட்டி ஓட்டிப் பார்த்து, "கடைசியில நமக்குத்தானே கல்யாணம் ஆகுது?" என்று உறுதிப்படுத்திக்கொண்டவர். எதிரில் வருகிறவர் வணக்கம் சொல்ல வாயெடுத்தால், அவர் சொல்லி முடிப்பதற்குள் இவர் பதில் வணக்கமும் வைத்து, தெருமுனையும் திரும்பி, வீட்டில் சட்டையைக் கழற்றி மாட்டியிருப்பார்.

இப்பேர்ப்பட்டவர் வேலைக்குச் சேர்ந்திருந்த இடம், வெளிநாட்டு வீடியோ கேம்களுக்கு நம் பாஷையில் டப்பிங் செய்யும் ஸ்டுடியோ. அதிலும் கதைப் பிரிவு. வேலைக்கு எடுக்கும்போது மேனேஜரம்மா, மேல்நாட்டு கேம், ஜப்பான் கேம் இரண்டிலும் கதை எப்படிப் போகும் என்று தெரியுமா எனக் கேட்டதற்கு, கரைத்துக் குடித்திருப்பதாகச் சொல்லிவைத்தார். உண்மையில் உலகத்தில் உள்ள கேம்களில் முக்கால்வாசியை அவர் விளையாடியிருந்தார். ஒன்றிலும் ஒரு வசனத்தைக்கூடக் காதில் வாங்கியதில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது வினை. மேல்நாட்டு கேம் ஒன்று, ஜப்பான் கேம் ஒன்று. இரண்டில் ஒன்றைத்தான் ஸ்டுடியோ எடுக்கப் போகிறது. திங்கட்கிழமை இரண்டு ஏஜெண்டுகளும் வருவார்கள். அவர்கள் முன்னால் அவசரம் எழுந்து நின்று, இரண்டும் எப்படிக் கதை சொல்கின்றன என்று ஒப்பிட்டுப் பேச வேண்டும்.

"ரெண்டையும் விளையாடியிருப்பீங்கல்ல?"

"எப்பவோ முடிச்சிட்டேன் மேடம்," என்றது அவர் வாய்.

வாயை அடைக்க நேரமில்லை. வேலைக்குத் தாமதமாக வந்தால் மேனேஜரம்மா மன்னிப்பார், வராமலே இருந்தாலும் மன்னிப்பார். கதை கேட்காமல் கதை விடுகிறவனை மட்டும் மன்னிக்க மாட்டார். அவசரத்துக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் அப்படித்தான் போனார். அவசரத்துக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. திங்கட்கிழமைப் பேச்சுதான் அதைத் தீர்மானிக்கும் என்று அந்த அம்மாள் வாயாலேயே சொல்லியாகிவிட்டது.

முடித்துவிட்டேன் என்று சொன்னவர், கேமைக் கொடுங்கள் என்று கேட்க முடியுமா? மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆளில்லாத கேம் சோதனை அறைக்குள் பூனைபோல் நுழைந்தார். அலமாரியில் இரண்டு கறுப்புப் பெட்டிகள். ஒன்றின் மேல் 1, மற்றதன் மேல் 2. வேறு எழுத்தே இல்லை. முதலாவது மேல்நாடு, இரண்டாவது ஜப்பான் என்று அவரே தீர்ப்பு எழுதி, இரண்டையும் சாப்பாட்டுப் பைக்குள் திணித்தார். படியிறங்கும்போது சோதனை அறைப் பெண் எதிரே வந்தாள்.

"சார், அந்த அலமாரியில—"

"அப்புறம் பேசலாம்மா," என்று இரண்டு இரண்டு படியாகத் தாவினார்.

வீட்டில் முதல் பெட்டியைப் போட்டபோது நடந்ததுதான் அந்தக் கடற்கரை விபத்து. கட்டைவிரலில் துணியைச் சுற்றினார். ஆள்காட்டி விரல் பொறுப்பேற்றது. பத்து விரலையும் கட்டினார். முழங்கை கடமையைச் செய்தது. மூக்கைக் கட்ட யோசித்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்தாள்.

"உங்களால ஆகாதுங்க. கொஞ்சம் பொறுமை உள்ளவங்க கையில குடுங்க," என்றாள்.

நல்ல யோசனை. முதல் பெட்டி மாடியிலிருந்த மைத்துனனுக்குப் போனது. இரண்டாவது பெட்டி, ஹாலில் மாமனாருக்கு. ஞாயிறு மாலைக்குள் விளையாடி முடித்துக் கதையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒப்பந்தம். சத்தம் வரக்கூடாது என்று மனைவி இருவர் காதிலும் ஹெட்போனை மாட்டிவிட்டாள்.

சனிக்கிழமை மாலை அவசரம் மாடிக்குப் போனார். மைத்துனன் உற்சாகமாக இருந்தான். வந்த வேகத்தில் கரையில் நின்ற படகைத் திருடினானாம். அதில் மீன் பிடித்து, மீனை விற்று, வீடு கட்டி, அந்த வீட்டுக்கு மாடியும் கட்டிவிட்டானாம். ஒற்றைக் கண் ஆடு ஒன்றைப் பிடித்துக் கட்டிவைத்து, அதன்மேல் ஏறிச் சவாரி வேறு.

"அதெல்லாம் இருக்கட்டும் மச்சான். கதை என்ன?"

"கதையா? ஏதோ தீவு முழுகப் போகுதுன்னு எல்லாரும் கத்திக்கிட்டே ஓடுறாங்க அத்தான். எனக்கு எங்க நேரம்? ஆட்டுக்குக் கொட்டகை போடணும்."

அவசரம் கெஞ்சிப் பார்த்தார். ஒழுங்காகக் கதை வழியில் போ என்று அதட்டியும் பார்த்தார். மைத்துனனுக்கு யாராவது வழி சொன்னால் பிடிக்காது. அடுத்த அரை மணியில் தீவின் தலைவரைக் கிணற்றில் தள்ளிவிட்டு, அவர் தொப்பியை ஆட்டுக்கு மாட்டிவிட்டான்.

கீழே இறங்கி ஹாலுக்கு வந்தால் நிலைமை இதைவிட மோசம். மாமனார் சோபாவில் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் இரும்புப் பட்டறையில் சம்மட்டி பிடித்த மனிதர், கால் விரலில் இரும்பு விழுந்தபோதுகூட, "யாருப்பா அது?" என்று மட்டுமே கேட்டவர். அவர் கண்ணிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர்.

"எதுவரைக்கும் போயிருக்கீங்க மாமா?"

"எங்கயும் போகல மாப்பிள்ளை. அந்த மனுஷன விட்டுட்டு எப்படிப் போறது?"

அந்த மனுஷன் ஒரு படகோட்டி. கடல் கடந்துபோன மகளுக்காகக் கரையில் காத்திருக்கிறான். அந்தக் கரையில் இருந்த மற்றவர்களெல்லாம் எழுந்துபோன பிறகும் இவர் ஒருவர்தான் அவன் சொல்வதை உட்கார்ந்து கேட்கிறாராம். அவனுக்கு இவர் வைத்திருக்கும் பெயர் 'சம்பந்தி'. அவன் வளர்க்கும் ஒற்றைக் கண் ஆட்டுக்கும் ஒரு துக்கக் கதை உண்டு. அதை இவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

இந்தக் காலத்தில் ஒற்றைக் கண் ஆடு இல்லாமல் கேமே செய்வதில்லை போலும் என்று அவசரம் எண்ணிக்கொண்டார்.

"மாமா, கொஞ்சம் வேகமாப் போங்களேன். திங்கட்கிழமை என் வேலையே—"

"மகளப் பிரிஞ்சவன்கிட்ட போய் வேகமாப் பேசுன்னு சொல்வீங்களா? நீங்களும் ஒருத்தர் மகளத்தான் கட்டியிருக்கீங்க."

சொன்னதோடு விடவில்லை. சம்பந்தி அங்கே பட்டினி கிடக்கிறான் என்று மாமனார் இங்கே சாப்பாட்டை ஒதுக்கிவிட்டார். அப்பா சாப்பிடாததால் மனைவியும் சாப்பிடவில்லை. அவள் சாப்பிடாததால் சமையலும் நடக்கவில்லை. அப்பாவின் ஹெட்போனை வாங்கிக் கொஞ்ச நேரம் காதில் வைத்துக் கேட்டவள், முகம் மாறி, அவசரத்திடம் வந்தாள்.

"ஏங்க, அந்தப் படகுக்காரர் பேசறது எங்க சித்தப்பா பேசற மாதிரியே—"

"முடிவு என்னன்னு தெரியுமா? அத மட்டும் சொல்லு."

"தெரியாது. ஆனா அவர் பேசறதக் கேட்டீங்கன்னா—"

"முடிவு தெரியாதுன்னா விடு," என்றார் அவசரம்.

ஞாயிறு மாலை வந்தது. மைத்துனன் கதையைத் தொடவே இல்லை. மாமனார் கதையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. இரண்டு கேமுக்கும் முடிவு தெரியவில்லை. பீதியில் கூரையைப் பார்த்துப் படுத்திருந்த அவசரத்துக்குத் திடீரென்று மூளையில் விளக்கு எரிந்தது. முடிவு எதற்கு? வித்தியாசம்தானே கேட்டார்கள்? அது மாடியிலும் ஹாலிலும் உட்கார்ந்திருக்கிறதே.

திங்கட்கிழமை கூட்ட அறையில் மேனேஜரம்மா நடுவில். ஒரு பக்கம் மேல்நாட்டு கேம் ஏஜெண்ட், வழுக்கைத் தலைப் பெரியவர். மறுபக்கம் ஜப்பான் கேம் ஏஜெண்ட், கண்ணாடி போட்ட அம்மாள். அவசரம் எழுந்தார்.

"மேல்நாட்டு கேம்ல கதை நமக்காகக் காத்துக்கிட்டிருக்கும். ஜப்பான் கேம்ல நாமதான் கதைக்காகக் காத்துக்கிட்டிருக்கணும்," என்று ஆரம்பித்தார்.

பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. மேல்நாட்டான் படகைக் காட்டி, "எடுத்துக்கோ, உன் இஷ்டம்" என்பான். ஜப்பான்காரன் படகோட்டியைக் காட்டி, "உட்கார், இவன் மனசைக் கேள்" என்பான். அங்கே தலைவனைக் கிணற்றில் தள்ளினாலும் கதை முகம் சுளிக்காது. இங்கே ஓர் ஆட்டின் கண் போன கதையைக் கேட்டு இரும்பும் உருகிவிடும். உருகிய இரும்பைத் தன் வீட்டு சோபாவில் நேரில் பார்த்தவர் அல்லவா? பேச்சில் உண்மை சொட்டியது. மகளுக்காகக் காத்திருக்கும் படகோட்டியைப் பற்றிச் சொன்னபோது மேனேஜரம்மா கைக்குட்டையைத் தேடினார். தொப்பி போட்ட ஆடு வந்தபோது அதே கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

ஏஜெண்டுகள் இருவரும் மட்டும் பேயறைந்தாற்போல் உட்கார்ந்திருந்தார்கள். ரசிக்கிறார்கள் என்று அவசரம் நினைத்தார்.

பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "தம்பி, எங்க கேம்ல தண்ணியே கிடையாதே. பாலைவனத்துல ஒரு லாரி டிரைவர், செத்துப்போன அப்பா குரல ரேடியோவில கேட்டுக்கிட்டே போறான். நேர் ரோடு. திரும்பவே முடியாது. விளையாடறவன் அழுதே தீரணும்."

ஜப்பான் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க கேம்ல யாரும் அழ மாட்டாங்க. யாரும் பேசவே மாட்டாங்க. பெரிய காடு, எங்க வேணும்னாலும் போகலாம், என்ன வேணும்னாலும் பண்ணலாம். நீங்க எதைச் சொல்றீங்க?"

மேனேஜரம்மா கைக்குட்டையை மெதுவாக மடித்தார். அந்த மடிப்பில் அவசரத்தின் வேலையும் மடிந்துகொண்டிருந்தது.

ஆனால் பெரியவர் நாற்காலியை முன்னால் இழுத்தார். அந்த ஆட்டு கேம் யாருடையது, அதை மேல்நாட்டில் விற்கத் தனக்குத் தருவார்களா என்று கேட்டார். அம்மாளும் விடவில்லை, அழுகிற படகோட்டி கேம் தனக்கு வேண்டும், ஜப்பானுக்கு அதைத் தானே கொண்டுபோவதாகச் சொன்னார். இருவரும் மேசையைத் தட்டும் அளவுக்குப் போனார்கள்.

மேனேஜரம்மா அவசரத்தைப் பார்த்தார். "அந்த ரெண்டு கேமையும் செஞ்சது யாரு? பேரைச் சொல்லுங்க. வேலையப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

அவசரம் வாயைத் திறந்தார். கடற்கரைப் பெரியவரைப் போல் திறந்தபடியே நின்றார்.

கதவு திறந்தது. சோதனை அறைப் பெண் எட்டிப்பார்த்தாள். அவர் அனிச்சையாக "அப்புறம்" என்று கையை உயர்த்தினார். ஆனால் மேனேஜரம்மா, "அவ முழுசா சொல்லட்டும்," என்றார்.

"வெளிநாட்டு கேம் ரெண்டும் இன்னும் பார்சல்ல வந்தே சேரல மேடம், சார் எடுத்துட்டுப் போன ரெண்டு பெட்டியும் நம்ம மூணாவது மாடி ஆளுங்க ஓய்வு நேரத்துல சொந்தமா செஞ்ச ஒரே கேமோட ரெண்டு காப்பி, அந்தப் படகுக்காரர் வாயத் திறந்தாலே நம்ம பாஷைதான் பேசறாரு, சார் கவனிக்கலையா?"