கைக்கு அடக்கமாக ஒன்று

பெல் க்ரீக், ஓக்லஹோமா
ஜூன் 4, வியாழக்கிழமை

அன்புள்ள பாலெட் அக்காவுக்கு,

தங்கை கார்லீன் எழுதுவது. நான் சுகம், நாய் சுகம், கூரையும் சுகம். ஞாயிற்றுக்கிழமைப் புயலில் கோழிக்கூண்டு மட்டும் பக்கத்து வயலுக்குக் குடிபோய்விட்டது. கோழிகளும் உள்ளேயே இருந்தபடி கூடப் போயிருக்கின்றன, சேதம் ஒன்றுமில்லை. அங்கே வயோமிங்கில் உன் முழங்காலும் அத்தானின் முதுகும் இந்த வாரம் சண்டை போடாமல் இருக்கும் என்று நம்புகிறேன்.

ஞாயிறன்று நீ பதினொரு தடவை கூப்பிட்டிருக்கிறாய். நீ சரியாகப் பிரசங்க நேரத்தில் கூப்பிடுவாய் என்பதால்தான் அன்றைக்கு மட்டும் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன். அந்த வழக்கத்தை நினைத்து இந்த நாலு நாளாக என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன். "எதை வாங்கினே? எது உனக்குப் பொருந்துச்சு?" என்று கேட்டிருந்தாய். வாயால் சொன்னால் பாதியில் மறிப்பாய், அதனால் எழுதுகிறேன். அக்கா, ஞாயிறு மதியம் கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் நாலு வயதுக் குழந்தை ஒன்றின் உயிர் என் துப்பாக்கியோடு ஒரு பைக்குள் கிடந்தது. அந்தத் துப்பாக்கியை நான் எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

என் வீட்டுக்காரர் ரே வேறு வீடு பார்த்துக்கொண்டு போன பிறகு, அதிலும் பிப்ரவரியில் கொட்டகைப் பூட்டை எவனோ உடைத்த பிறகு, "தனியா இருக்கிற பொம்பளை, ஒண்ணு வச்சுக்கோடி" என்று நீ ஓதாத வாரமில்லை. பதினாறு வருஷம் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள் நான், படிக்காமல் ஒரு கரண்டிகூட வாங்கத் தெரியாது. நோட்டுப் புத்தகம் ஒன்று போட்டு எடை, நீளம், எத்தனை தோட்டா, விசைக்கு விரல் எட்டுமா என்று கட்டம் கட்டிக்கொண்டு ஹாஸ்கலின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். அவர் என் நோட்டைப் பார்க்கவேயில்லை. என்னைப் பார்த்தார், குனிந்தார், வெளிர் ஊதா நிறத்தில் ஒரு குட்டி ரிவால்வரை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். "பொம்பளைங்களுக்குன்னே செஞ்சது, கண்ணு. இறகு மாதிரி இருக்கும்." கடைக்குப் பின்னால் சுட்டுப் பார்க்கிற கொட்டகை இருக்கிறது. முதல் வெடியில் இறகு என் கையை நெற்றிக்கு மேலே கொண்டுபோய்விட்டது, மணிக்கட்டு வேறு யாருடையதோ போல ஆகிவிட்டது. அங்கே காலித் தோட்டாக்களைப் பெருக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி விர்ஜி துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "அந்தாளு பேச்சைக் கேக்காதே பொண்ணே. எடை கொறையக் கொறைய உதை கூடும். கழுதைக்குட்டி சின்னதுன்னா உதைக்காதா?"

அடுத்தது சட்டைப்பையில் போட்டுக்கொள்கிற அளவில் ஒரு பிஸ்டல். மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தால்தான் தோட்டா ஏறும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, ஊறுகாய் ஜாடியோடு மல்லுக்கட்டுகிறவள் மாதிரி இழுக்கிறேன், அது அசையவில்லை. "சுண்டுவிரல் அந்தரத்துல தொங்குது பாரு, டீ குடிக்கிற சீமாட்டி மாதிரி" என்று விர்ஜி சிரித்தாள். அதையும் வாங்கி வைத்துவிட்டு, கொஞ்சம் பெரியதாக, ஆனாலும் கைக்கு அடக்கமாக ஒன்றைத் தந்தாள். அஞ்சு விரலும் பிடியில் உட்கார்ந்தன. மேல்பாகம் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி நகர்ந்தது. விசை, விரலின் முதல் கணுவுக்குத் தானாக வந்து சேர்ந்தது. தனியாக நீக்க வேண்டிய பூட்டு ஒன்றும் கிடையாது, பதற்றத்தில் மறக்க ஒன்றுமில்லை. "ரெண்டு கையாலயும் பிடி, ஒரு கையை நம்பாதே" என்றாள். சாப்பாட்டுக் காகிதத் தட்டில் அஞ்சு ஓட்டை போட்டேன் அக்கா, அஞ்சையும் ஒரு பிஸ்கட்டால் மூடிவிடலாம். ஹாஸ்கல் வந்து தட்டைத் தூக்கிப் பார்த்தார். "நம்ம சர்ச் பொம்பளைங்க பாதிப் பேரு இதைத்தான் வச்சிருக்காங்க. லேசாத் தொட்டாப் போதும், சின்னக் குழந்தைகூட சுட்டுரும்." அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதி, பக்கத்தில் நட்சத்திரமும் போட்டுக்கொண்டேன்.

வாங்கியாயிற்று, வைப்பது எங்கே? இடுப்பில் செருகினால் குனியும்போதெல்லாம் விலாவில் குத்துகிறது. என் உடம்பு எந்த வயதில் இவ்வளவு வளைவுகளைச் சேர்த்துக்கொண்டது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். கடைசியில் நடீன் தைத்த பையில் போய் முடிந்தது. நடீன், எங்கள் பாஸ்டரின் மனைவி. சர்ச் கூரை நிதிக்காக ஜீன்ஸ் துணியில் இருபத்திரண்டு பைகள் தைத்து, தனக்கு ஒன்று வைத்துக்கொண்டு மற்றதை விற்றாள். பக்கவாட்டில் காந்த மூடி போட்ட மறைவான பாக்கெட், அது எதற்கென்று யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். எல்லாம் ஒரே துணி, ஒரே அளவு. அடையாளத்துக்கு ஆளுக்கொரு ரிப்பன் கட்டலாமே என்றேன். "எதுக்கு? உள்ளே என்ன இருக்குன்னு ஊர்க்காரனைக் கேக்க வைக்கிறதுக்கா?" என்றாள். நாங்கள் அந்தப் பையை ஞாயிறு மட்டும் எடுப்போம். அடுத்தவள் பையைத் திறக்கவே மாட்டோம், நம்முடைய பக்கப் பாக்கெட்டைக்கூட நாலு பேர் முன்னால் திறந்து பார்க்க மாட்டோம். அது மரியாதை இல்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து, ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் நேரம். என் சோளப் பணியாரத்தை யாரும் தொடவில்லை என்ற கவலையில் நான் இருக்க, ஊரின் புயல் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. மேற்கே வானம் பச்சையாகக் கிடந்தது. எல்லோரும் நிலவறைக்கு ஓட, நடீன் மட்டும் பியானோப் பலகைமேல் கிடந்த பைகளையெல்லாம் சலவைக் கூடைகளில் வாரிப் போட்டுக் கூடவே இழுத்துக்கொண்டு வந்தாள். அரை மணி நேரம் மேலே ஆலங்கட்டி. அது ஓய்ந்ததும் படி ஏறுகிற ஒவ்வொருத்தி கையிலும் ஒரு பையைத் திணித்தாள். "இந்தா, இந்தா, ஓடுங்கடி, அடுத்தது வருது." எனக்கு ஒரு கையாலும், எனக்குப் பின்னால் வந்த டெஸ்ஸாவுக்கு மறு கையாலும் கொடுத்தாள். டெஸ்ஸா இடுப்பில் மகள் ஓப்பல், நாலு வயது, தலையில் நாப்கின் தொப்பி. டெஸ்ஸாவின் பை எனக்குத் தெரியும். அவள் பக்கப் பாக்கெட்டில் துப்பாக்கி கிடையாது, ஓப்பலின் பழக்கூழ்ப் பொட்டலங்கள்தான். பிரசங்கம் நீளும்போது அந்தக் குழந்தை தலையைக்கூடத் திருப்பாமல் பாக்கெட்டுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளும்.

காரில் வீட்டுக்குக் கிளம்பினால், வழியில் தாழ்வான பாலத்தில் ஓடை ரோட்டின் மேல் போய்க்கொண்டிருந்தது. ஷெரீப் அலுவலகத்துப் போலீஸ்காரன் போய்ட், வண்டியைக் குறுக்கே நிறுத்தியிருந்தான். டெஸ்ஸாவின் கணவனுக்குத் தம்பி. "ஒரு மணி நேரம் ஆகும் கார்லீன் அக்கா. டெஸ்ஸா அண்ணிதான் கடைசியா போனாங்க, உடனே தண்ணி ஏறிருச்சு." சரி என்று மூக்கைத் துடைக்கப் பையைத் திறந்தேன். ஒரு சின்னக் காலுறை. ஓப்பல் என்று பெயர் எழுதிய கிரேயான் பெட்டி. பக்கப் பாக்கெட்டைத் தொட்டேன், பிசுக்கென்று அமுங்கியது. ஆப்பிள் கூழ்.

நான் காரை விட்டு இறங்கித் தண்ணீரை நோக்கி நடந்திருக்கிறேன், எனக்கு ஞாபகம் இல்லை. போய்ட் தோளைப் பிடித்து நிறுத்தினான். என் முகத்தைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் கேட்டான், "அக்கா, உங்ககிட்ட துப்பாக்கி ஏதாவது இருக்கா?"

"இல்லடா! அதுதாண்டா விஷயம்! அது ஓப்பல்கிட்ட இருக்கு!"

அவனுக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. டெஸ்ஸாவுக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கும்படி வைத்தான். ஆறு தடவை மணி அடித்தது.

"ஹலோ, யாரு?" டெஸ்ஸா இல்லை.

"ஓப்பல் குட்டி, போய்ட் சித்தப்பா. அம்மா எங்கே?"

"அம்மா வெளியே. மரம் நாய் வீட்டு மேல விழுந்துருச்சு. ஆனா நாய் அங்க இல்ல. நாய் சோபா மேல இருக்கு."

"சரி, போனைக் கொண்டுபோய் அம்மாகிட்டக் குடு."

"வெளிய வராதேன்னு சொன்னாங்க. எனக்குப் பசிக்குது. நான் பையில கூழ் எடுத்துக்கறேன்."

"தொடாதே! பையைத் தொடாதே!" என்று போய்ட் அலறினான். மறுபக்கம் விசும்பல். "சித்தப்பா திட்டறாங்க."

போனை அவன் கையிலிருந்து பறித்துக்கொண்டேன். "ஓப்பல், நான் கார்லீன் அத்தை. சித்தப்பாவை நான் ரெண்டு போடறேன். நீ எங்கே இருக்கே?"

"மேஜைக்கு அடியில."

"பை எங்கே?"

"மடியில. அத்தை, பை இன்னிக்கு கனமா இருக்கு."

அக்கா, அந்த நேரத்தில் என் நோட்டுப் புத்தகம் முழுவதும் கண்முன் வந்தது. விரல் எட்டும். லேசாகத் தொட்டால் போதும். நீக்க வேண்டிய பூட்டு இல்லை. குழாய்க்குள் ஒரு தோட்டா ஏற்றியே வைத்திரு என்று நீதான் சொன்னாய், ஏற்றியே வைத்திருந்தேன். எனக்குப் பொருந்திய ஒவ்வொன்றும் அவளுக்கும் பொருந்தும். தொடாதே என்று சொன்னால் தொடுகிற வயது. கல்லூரியில் இருபது வயதுப் பிள்ளைகளிடமே அந்தச் சொல் எடுபட்டதில்லை. வேறு என்ன சொல்வது என்று யோசிக்கையில், விர்ஜி என் கைகளைப் பிடித்து வைத்த விதம்தான் விரல்களில் வந்தது.

"ஓப்பல், இது ரொம்ப வழுக்கற போன். ஒரு கையால பிடிச்சா விழுந்துரும். ரெண்டு கையாலயும் பிடி. பிடிச்சிட்டியா?"

"ம்."

"ரெண்டும்?"

"ரெண்டும்தான்."

"அப்படியே எந்திரிச்சு ஜன்னல்கிட்டப் போ. அந்த மரம் எவ்வளவு பெரிசுன்னு எனக்குச் சொல்லணும். கையை விட்டுராதே."

சத்தம் கேட்டது. ஏதோ கனமாகத் தரையில் விழுந்தது. போய்ட் குந்தி உட்கார்ந்துவிட்டான். நான் மூச்சு விடாமல் எண்ணினேன், ஒன்று, இரண்டு, மூன்று.

"பை விழுந்துருச்சு. எடுக்கட்டா?"

"வேண்டாம், போன் விழுந்துரும்! ஜன்னல்கிட்ட வந்துட்டியா? அம்மா தெரியறாங்களா? கண்ணாடியைத் தட்டி அம்மாவைக் கூப்பிடு."

"கை ரெண்டும் போன்ல இருக்கே." குழந்தைக்கு என் மேல் எரிச்சல். "எப்படித் தட்டறது?"

"நெத்தியால தட்டு."

அப்புறம் டொக். டொக். டொக். அதற்குப் பிறகு சிரிப்பு. நான் ஈர ரோட்டிலேயே உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் தட்டினாளோ, கதவு திறந்தது. டெஸ்ஸாவின் குரல் கேட்டது. "ஏண்டி மண்டையால கண்ணாடியை இடிக்கறே? யாரு போன்ல?" போய்ட் நாலு வார்த்தையில் சொன்னான். காந்த மூடி திறக்கும் சத்தம் வந்தது, சின்னதாக, டக் என்று. "இருக்கு" என்றாள். பிறகு ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. "அந்தப் பாக்கெட்ல கை விடக் கத்துக்குடுத்ததே நான்தான் அக்கா" என்றாள்.

நாலு மணிக்குத் தண்ணீர் வடிந்தது. போய்ட் போய்த் தோட்டாக்களை எடுத்துவிட்டு, துப்பாக்கியை மட்டும் ஒரு மதிய உணவு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து தந்தான். பை டெஸ்ஸா வீட்டிலேயே கிடக்கிறது, ஞாயிறன்று மாற்றிக்கொள்வோம். டப்பாவைத் திறந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. திங்களன்று அப்படியே ஹாஸ்கல் கடையில் வைத்து, "விற்றுக்கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். "நல்லா சுட்டியே கண்ணு" என்றார். அதுதான் பயம் என்றேன்.

ஆகையால் உன் கேள்விக்குப் பதில்: எதுவும் பொருந்தவில்லை. கொட்டகைக்கு இரண்டு பூட்டும், ஒரு ஜோடி வாத்தும் வாங்கியிருக்கிறேன். வாத்துகள் தபால்காரரை ஏற்கெனவே ஒரு தடவை காருக்குள் ஏற்றி அடைத்துவிட்டன. இந்த விஷயம் இத்தோடு முடிந்தது. என்னைத் திட்டாதே, திட்டினாலும் வாரநாளில் திட்டு. அத்தானுக்கு என் வணக்கம். கர்த்தர் உங்கள் வாசலையும் படுக்கையையும் காப்பாராக. குழந்தைகளை அணைத்துக்கொண்டதாகச் சொல்.

உன் அன்புத் தங்கை,
கார்லீன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஹாஸ்கல் கூப்பிட்டார். "கண்ணு, நீ குடுத்தது உன்னுது இல்ல. துப்பாக்கி நம்பர் ஒத்துவரலை. என் புத்தகப்படி இது பாஸ்டர் வீட்டம்மாவோடது." நடீனுக்குப் போட்டேன். "என்னோடதா? என் பை ஆணியில தொங்குதே" என்றாள். ஞாயிறிலிருந்து தொங்குகிறது, திறக்கவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே யாரோ ஒருவரின் மூக்குக் கண்ணாடியும் இன்னொரு துப்பாக்கியும். அதுவும் என்னுடையது இல்லை. மதியம் முழுக்க வீடு வீடாகப் போன் போட்டோம். நாலு நாளாக ஒருத்தியும் பக்கப் பாக்கெட்டைத் திறந்து பார்த்திருக்கவில்லை. இப்போது இருபத்தொரு பைகளைத் திறந்தாகிவிட்டது, எதிலும் என்னுடையது இல்லை. இருபத்திரண்டாவது பை ஹாரியட் வீட்டில். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. பள்ளி விடுமுறைக்கு அவளுடைய பேரப்பிள்ளைகள் மூன்று பேர் நேற்று வந்திருக்கிறார்களாம். மேலே "முடிந்தது" என்று எழுதியிருக்கிறேன் பார், அதை நீயே அடித்துவிடு அக்கா, எனக்கு நேரமில்லை. என்னை ஹாரியட் வீட்டுக்குக் கூட்டிப்போக, போய்டின் கார் வாசல் கேட்டுக்குள் திரும்புகிறது.