அக்காவுக்கு வயசாயிடுச்சு

வயது நினைவூட்டி என்றொரு இனம் உண்டு. உங்கள் தெருவிலேயே நாலு பேர் தேறுவார்கள். பிறருடைய மறதியைப் பொறுக்கியெடுத்து, "வயசாயிடுச்சுல்ல!" என்று முத்திரை குத்திக் கையில் கொடுப்பதே இவர்களுடைய பிறவிப் பயன். இருபது வயதில் சாவியைத் தொலைத்தால் அது கவனக்குறைவு. நாற்பதில் தொலைத்தால் வேலைச் சுமை. அறுபத்தேழில் தொலைத்தால் மட்டும் நோய்.

நான் கண்டவர்களில் தலைசிறந்தவர், மோட்டார் உதிரிபாகக் கடை நடத்தும் ஓர் அம்மாளின் தம்பி. அம்மாளுக்கு அறுபத்தேழு. கடையில் தரையிலிருந்து கூரைவரை நானூறு இழுப்பறைகள். ஒன்றிலும் பெயர் கிடையாது. மெக்கானிக் சாமான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அது மேசைமேல் இருக்கும்.

தம்பி அறுபதில் ஓய்வுபெற்றார். ஓய்வுபெற்றவர் ஓய்வெடுத்திருக்கலாம். அக்காவுக்கு ஒத்தாசை செய்யக் கிளம்பிவிட்டார். வாடிக்கையாளரிடம் குரலைத் தாழ்த்தி, அதாவது கடை முழுக்கக் கேட்கும்படி தாழ்த்தி, "சாமானைச் சரிபாத்து வாங்கிக்கோங்க, அக்கா முன்ன மாதிரி இல்ல" என்பார். மறதியைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததையெல்லாம் கத்தரித்து அக்காவின் கண்ணுக்கு நேரே ஒட்டி, காலையில் வந்ததும் "நேத்து என்ன சாப்பிட்டே, சொல்லு பாப்போம்" என்று பரீட்சை வைத்து, பதில் வருவதற்குள் பெருமூச்சு விட்டு, "பரவால்லக்கா, இந்த வயசுல இவ்வளவு இருக்கிறதே பெரிசு" என்று ஆறுதலும் சொல்லிவிடுவார். ஒருவரைக் கவிழ்க்க வேறு என்ன வேண்டும்?

அக்கா கவிழ்ந்தார். கிளட்ச் கேபிள் கேட்டவருக்கு பிரேக் கேபிள் போயிற்று. மறுநாள் இழுப்பறையை நோக்கிக் கை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். கைக்கு இடம் தெரிந்திருந்தது. கையை நம்பத்தான் மனம் வரவில்லை.

"எனக்கு என்னமோ ஆயிடுச்சுடா" என்று மகனிடம் சொல்லிக் கண் கலங்கினார். கடையை விற்றுவிடலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. "முதல்ல டாக்டரைப் பாப்போம்" என்றாள் மருமகள். தம்பி சும்மா இருப்பாரா? அவரும் தொற்றிக்கொண்டார்.

டாக்டரம்மா பத்து வார்த்தைகளைப் படித்து, திரும்பச் சொல்லச் சொன்னார்.

"கஷ்டம் டாக்டர். அறுபத்தேழு ஆகுது" என்றார் தம்பி.

அக்கா நாலு சொன்னார். ஐந்தாவதைத் தேடும்போது தம்பி "ச்சு" கொட்டினார். அவ்வளவுதான், சொன்ன நாலும் மறந்துபோயிற்று.

"சார், நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க."

கதவு சாத்தப்பட்டது. டாக்டரம்மா புதிதாகப் பத்து வார்த்தைகள் எடுத்தார். "இது பரீட்சை இல்லம்மா. உங்க கடைக்குப் பத்து சாமான் வாங்க வந்திருக்கேன்னு வச்சுக்கோங்க."

எட்டு வந்தது. "மீதி ரெண்டும் ஸ்டாக் இல்ல டாக்டர்" என்று சிரிக்கவும் செய்தார்.

மற்ற சோதனைகளையும் முடித்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "நோய் எதுவும் தெரியல. ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க. வயசானா ஞாபகம் கொஞ்சம் மெதுவா வரும், வர விடணும். பக்கத்துல ஒருத்தர் வயசாச்சு வயசாச்சுன்னு ஓதிக்கிட்டே இருந்தா வர்றதும் வராது."

வெளியே தம்பி கவலையே உருவாக நின்றார். "என்னக்கா சொன்னாங்க?"

"நாளைக்குக் கடைக்கு வாடா. என் வயசை மட்டும் வீட்டுல வச்சுட்டு வா."

தம்பி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அக்கா சுவரில் இருந்த தாள்களைக் கிழித்தெறிந்தார். மெல்ல மெல்லக் கை பழைய வேகத்துக்கு வந்தது. எப்போதாவது தப்பும் நடக்கிறது. "தப்பாயிடுச்சு, இந்தாப்பா" என்று மாற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கிறார். தம்பியோ, எதிர்ப்புறப் பூட்டுக் கடைக்காரருக்கு எழுபது என்று கேள்விப்பட்டு, ஒத்தாசைக்கு அங்கே போய்விட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒரு பெயரைத் தேடித் தடுமாறினாரே, அப்போது முந்திக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னது யார்? சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டியது யார்? நினைவில்லையா? அவரையே கேளுங்கள். அவருக்கு நன்றாக நினைவிருக்கும்.