அறுபது, அறுபது, அறுபது

“அறுபது பொட்டலம். அறுபது. அறுபது. ஓவர்,” என்று மைக்கில் சொல்லிவிட்டு, அல்போன்ஸ் பெருமையாக மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அகதா பார்க்கவில்லை. மலாக்கா புக்கிட் ரம்பாயில் வந்த வெள்ளத்தில் வீட்டை விட்டு மண்டபத்துக்கு வந்த அறுபது பேருக்கும் பாய் விரித்துக்கொண்டிருந்தாள். போன் கோபுரம் விடியற்காலையிலேயே படுத்துவிட்டது. வெளியே பேச இருந்த ஒரே வழி அல்போன்ஸின் ரேடியோதான்.

பதினொரு வருஷமாக அந்த மனுஷன் இந்த நாளுக்காகக் காத்திருந்தார். மூன்றாவது தடவையில் பரீட்சை தேறி, லைசென்ஸ் வாங்கி, கூரைமேல் ஏரியல் கம்பம் நட்டார். முன்பின் தெரியாத ஒரு ஜப்பான்காரனிடம் அங்கே மழையா என்று கேட்டதைத் தவிர அந்தக் கம்பத்தால் வேறு புண்ணியம் இல்லை.

“இன்னிக்காவது இந்த ரேடியோ உருப்படியா ஒரு வேல செய்யலேன்னா, கம்பத்தோட சேத்துப் பழைய சாமான் வாங்குற பேப்பர் லாமாக்காரன்கிட்ட போட்டுடுவேன், பாத்துக்குங்க,” என்று காலையிலேயே அகதா சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். சந்தேகமிருந்தால் அவருடைய பழைய மோட்டார் சைக்கிளைக் கேட்கலாம். கேட்கத்தான் இப்போது அது இல்லை.

ரேடியோக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இரைச்சலில் எண்ணிக்கை காணாமல் போய்விடுமென்று எதையும் மூன்று தரம் சொல்வார்கள். வெள்ளத்தில் மாட்டியவர்களுக்குச் சமைக்கும் கிளேபாங் சமையற்கூடத்தில் ரேடியோ வைத்திருந்த நிவேந்திரனுக்கு அது தெரியும். ஆனால் அவன் மைக்கைப் பவானேஸ்வரி அக்காவிடம் கொடுத்துவிட்டு மீட்புப் படகில் ஏறிப் போய்விட்டான். அக்கா எத்தனையோ கல்யாணத்துக்குச் சமைத்த கை. யார் எவ்வளவு கேட்டாலும் தாளில் வரிசையாக எழுதி, கடைசியில் கூட்டிப் போட்டுவிடுவார்.

ஒன்பதரைக்கு லாரி வந்தது. நாசி லெமாக், நூற்றெண்பது பொட்டலம்.

அல்போன்ஸுக்கு விஷயம் புரிந்தது. பதறிப்போய் மைக்கை எடுத்தார். “அக்கா, நமக்கு வேண்டியது அறுபதுதான். அறுபது. அறுபது. ஓவர்.”

“ஓகே லா தம்பி,” என்றார் அக்கா, ரொம்ப அன்பாக.

பதினொரு மணிக்கு இன்னொரு நூற்றெண்பது வந்து இறங்கியது.

ஆளுக்கு ஒன்று போக மிச்சம் முந்நூறு. தேங்காய்ப்பால் சோறு, இந்தப் புழுக்கத்தில் மத்தியானம் தாண்டாது. ஊரே பட்டினி கிடக்கும் நாளில் முந்நூறு பொட்டலத்தைக் கெட்டுப்போக விட்டவன் என்ற பேரோடு வீட்டுக்குப் போனால் கம்பம் நிற்குமா? அல்போன்ஸுக்கு வயிற்றைக் கலக்கியது.

அந்த நேரம் பார்த்து மண்டபத்துக்கே வயிற்றைக் கலக்கியது போலிருந்தது. ஒவ்வொருவராகக் கழிப்பறைக்குப் போய் வந்தார்கள். மூலைப் பாயில் இருந்த முனியாயி அக்காவின் சேலை மடிப்புக்குள்ளிருந்து ஏதோ பாட்டுக் கேட்டது. அல்போன்ஸ் திரும்பியதும் அவர் பலமாக இருமினார். அகதாவோ கைப்பையை எடுத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் நாலு தடவை ‘காத்து வாங்க’ வெளியே போய்விட்டாள். தன் வெட்கக்கேட்டைப் பார்க்கப் பொறுக்காமல்தான் போகிறாள் என்று அல்போன்ஸ் நினைத்துக்கொண்டார். பாவம்.

கடைசியாக ஒரு வழி தோன்றியது. “மிச்சத்த ஏத்திக்கிட்டுப் போக ஒரு லாரி அனுப்புங்கக்கா. ஒரு லாரி. ஒரு லாரி. ஓவர்.”

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். திருத்தலாம்தான். ஆனால் வாயைத் திறந்தால் அதுவும் மூன்றாகிவிடும். மைக்கை மெதுவாகக் கீழே வைத்தார்.

மூன்று லாரிகள் வந்தன.

அல்போன்ஸ் ரேடியோவுக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டார். ஆனால் லாரிக்காரர்கள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பொட்டலங்களை மளமளவென்று ஏற்றினார்கள். ஒரு லாரி பத்து பெரண்டாம் என்ற ஊர் மண்டபத்துக்கு, ஒன்று பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு, ஒன்று ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தாமான் குடியிருப்புக்கு. மூன்று இடத்திலும் காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லையாம். அரை மணி நேரத்தில் ஒரு பொட்டலம் மிச்சமில்லை.

அல்போன்ஸின் நெஞ்சு நிமிர்ந்தது. மலாக்கா முழுக்க அவர் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள்!

அகதா பக்கத்தில் வந்து நின்றாள். தலையெல்லாம் நனைந்திருந்தது. “சரி, கம்பம் இருந்துட்டுப் போகட்டும்,” என்றாள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கச் சும்மா ஒரு குமிழைத் திருகினார். அவள் உள்ளே போனதும் ஆசை தாங்காமல், கடைசி லாரியை ஓட்டி வந்த கணேஸ்வரனிடம் போய், தன் குரல் அங்கே எல்லா இடத்திலும் தெளிவாகக் கேட்டதா என்று விசாரித்தார்.

கணேஸ்வரன் லாரிக் கதவைச் சாத்திக்கொண்டே சொன்னான்: “எந்தக் குரலுண்ணே? போன் லைன்தான் பதினோரு மணிக்கே வந்துருச்சே. அகதா அக்காதான் மண்டபம் மண்டபமா போன் அடிச்சு யாருக்குச் சோறு வேணும்னு கேட்டு, அப்புறம் பவானேஸ்வரி அக்காகிட்ட, ‘அவரு மூணு லாரின்னா மூணுதான், அனுப்புங்க, லைன் வந்தத மட்டும் அவருகிட்ட யாரும் சொல்லிடாதீங்க’ன்னாங்க.”